வாலில் எழுதவேண்டிய எண்

விஜயலெட்சுமி பதுளை நகரில் பல் வைத்தியர் ஒருவரின் லேப்பில் பொய்ப்பல் செய்கிறவள். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். கொழுந்துக்கூடையைத் தோளில் போடாமல் தப்பி இந்த வேலைக்கு வந்து பதினேழு வருடமாகிறது. ஈறின் மேல் ஓடும் சிவப்பு நரம்பைக்கூட நூலிழையாக வைத்துவிடுவாள். அவள் செய்த பல்லோடு கல்யாண வீட்டில் சிரிப்பவர்களைப் பார்த்தால் சொந்தப் பல் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

அந்தக் கைக்காகத்தான் சுமணபால தேடி வந்தார். ஹாலிஎலயில் வீடு. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் அவருக்கு மேல்வரிசை முழுவதும் செய்து கொடுத்தவள் இவள். இம்முறை சப்பாத்துப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்துத் திறந்தார். பஞ்சுக்கு நடுவே ஒரு சாண் நீளத்தில் ஒரு மாதிரி விமானம். போர்க்காலத்தில் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப் பறந்த வகை. உடல் ஒட்டி, சாம்பல் நிறம் பூசியாகிவிட்டது. மிச்சமிருந்தது சில்லறை வேலை: தகடு பொருந்தும் கோடுகளில் கருமை ஏற்றுவது, முதுகில் ஏரியல் கம்பி இழுப்பது, என்ஜினுக்குப் பின்னால் புகைக்கறை, வாலில் எண்.

"கை நடுங்குது நங்கி," என்றார் சிங்களத்தில், தங்கை என்று கூப்பிட்டு. "நீ செஞ்சு தா."

அவர் போனதும் பக்கத்து மேசை ஹம்ஸியா எட்டிப் பார்த்தாள். "அக்கா, பதுளையில வேற ஆளே இல்லையா அந்த மனுசனுக்கு?"

அதே கேள்விதான் விஜயலெட்சுமிக்கும். சண்டைக் காலத்தில் அவள் தம்பி தினேஸ் தோட்டத்து பேக்டரியில் மின்வேலை பழகிக்கொண்டிருந்தான். மோட்டருக்கு வயர் போகும் விதத்தைக் கொப்பியில் வரைந்து வைத்திருந்தான். லயத்தில் தேடுதல் நடந்த அன்று அந்தக் கொப்பி படையினர் கையில் சிக்கியது; குண்டுக்கு வரைந்த படம் என்று அவனைப் பிடித்துப் போனார்கள். பத்தொன்பது மாதம் உள்ளே இருந்தான். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. ஒருநாள் போகச் சொன்னார்கள், வந்தான். ஒரு வயர் படத்துக்கே அந்தக் கதி என்றால், தமிழச்சி கையில் ராணுவ விமானம் இருந்தால் என்ன சொல்வார்கள்?

மறுநாள் சுமணபாலவைக் கூப்பிட்டு, "மாத்தயா, இது உங்க சாமான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க," என்றாள்.

அவர் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகும் அவள் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கதவைத் திறந்து போட்டு, வருகிற போகிற எல்லோரும் பார்க்கும்படியே வேலை செய்தாள். மெழுகு சுரண்டும் கத்தியால் பிசிறெடுத்தாள். கோடுகளில் கறுப்பு மையை ஓடவிட்டு மேலாகத் துடைத்தாள். பென்சில் கரியைத் தூளாக்கி என்ஜினுக்குப் பின்னால் தேய்த்தாள். வேலை என்னவோ பிடித்துத்தான் இருந்தது. அதை அவள் ஹம்ஸியாவிடம்கூடச் சொல்லவில்லை.

கடைசியில் எண். விமானத்தோடு வந்த எண் ஸ்டிக்கர் பழசாகி வெடித்துப்போயிருந்ததால் கையால் எழுதவேண்டும். பார்த்து எழுத அசல் விமானத்தின் பழைய படமும், எண் குறித்த துண்டுத்தாளும் கொடுத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். படத்தில் கடைசி இலக்கம் மூன்று. துண்டில் எட்டு.

தூரிகையை வைத்துவிட்டாள். பிழையான எண்ணை என் கையால் எழுதவைத்து எதில் மாட்டிவிடப் பார்க்கிறார்? ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலிஎலக்கு பஸ் ஏறினாள்.

வாசலில் நின்றபடியே கேட்டாள். சுமணபால கண்ணாடியைப் போட்டுத் துண்டை உற்றுப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அவள் முன்னாலேயே ஒரு மூன்று போட முயன்றார். விரல் உதறியது; கோடு வளைந்து போய்த் திரும்பி மூடிக்கொண்டது. தாளில் எட்டுதான் இருந்தது.

"இதுக்கா பஸ் ஏறி வந்தே?" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

விஜயலெட்சுமிக்கு முகம் எரிந்தது. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். தேத்தண்ணி வந்தது. அப்போது சுமணபால தானாகவே வாயைத் திறந்தார்.

"நீ மட்டும் சந்தேகப்படல்ல. பெட்டிய குடுக்க முதல் நானும் ஸ்பிரிங்வெளிப் பக்கம் உன்னைப் பத்தி விசாரிச்சேன். தம்பிய புடிச்சுக்கிட்டுப் போன கதையும் சொன்னாங்க."

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். "தெரிஞ்சும் ஏன் குடுத்தீங்க?"

"ரெண்டு வாரம் யோசிச்சேன். ஒவ்வொரு நாளும் சாப்பிடறப்ப நீ செஞ்ச பல்தான் வாயில இருக்கு. வேற யார்கிட்ட குடுக்கிறது?"

மன்னிப்பு என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. என் வீட்டு விஷயத்தை எவனோ ஒருவன் இவரிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறான், அது யார் என்ற கேள்வி மட்டும் முள்ளாய்த் தைத்தது. கேட்டால் சொல்லமாட்டார் என்றும் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் விமானத்தை வைத்து, அவர்கள் இருவரும் பார்த்திருக்க, வாலில் எண்ணை எழுதினாள். மூச்சை அடக்கி எழுதிய மூன்று அச்சில் வார்த்ததுபோல் வந்தது.

சுமணபால குனிந்து அதைப் பார்த்தார். "இறக்கைக்கு அடியில உன் பேரையும் எழுதேன். யாரு செஞ்சதுன்னு தெரியணுமே."

"வேணாங்க மாத்தயா," என்றாள் உடனே. "இதுல என் பேரு வேணாம்."

அவர் வற்புறுத்தவில்லை.

அன்று மாலை கொஸ்லந்தையில் இருக்கும் தம்பிக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். தினேஸ் திட்டவில்லை.

"அழகா வந்திச்சாக்கா?"

"வந்திச்சு."

"போட்டோ எடுத்தியா?"

"போன்ல அதெல்லாம் வச்சுக்குவேனா நான்?"

"அதுவும் சரிதான்," என்றான். பிறகு, "பாக்கணும்போல இருந்திச்சு, அதான்," என்றான்.

சுமணபால இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை பல்லைச் சரிபார்க்க வருகிறார். விஜயலெட்சுமி எழுந்து நின்று நாற்காலி போடுகிறாள். சுகம் விசாரிக்கிறாள். ஸ்பிரிங்வெளிக்குப் போகும் நாட்களில், சிரித்துக்கொண்டு எதிரே வரும் ஒவ்வொருவரையும் பார்த்து, தம்பி கதையைச் சொன்னது இவராக இருக்குமோ என்றும் யோசிக்கிறாள்.