வெர்சாயிலிருந்து தொடங்கினால்தான் வரும்

இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் நடந்ததெல்லாம் எனக்கு எதற்கு? நாற்பத்தாறு வயதில், இத்தாலியின் பலேர்மோவில், பொலிதேயாமாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைக்கிறவள் நான். ஆனால் நடுப்பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்க்கமாட்டார்களாம். சேராவிட்டால் சாகும்வரை துடைப்பக்கட்டைதான். அதற்கான வாய்மொழிச் சோதனையில் எனக்கு விழுந்த பாடம் இது.

யாழ்ப்பாணத்தில் படித்தவள் எப்படிப் படிப்பாள்? பாடமாக்கினேன். வெர்சாய் ஒப்பந்தம், ரோமை நோக்கிய அணிவகுப்பு, பொருளாதார வீழ்ச்சி, எதியோப்பியா, ஸ்பெயின், மியூனிக், போலந்து என்று மூன்று பக்கம், முற்றுப்புள்ளிகூட மாறாமல். கறி தாளிக்கும்போதும் சொன்னேன், பஸ்ஸிலும் முணுமுணுத்தேன். என் மனுசன் நான் எழுதிவைத்த கொப்பியை வைத்துக்கொண்டு பிழை பிடித்தார். "ஒரு சொல்லை விட்டிட்டாய், முதல்லையிருந்து சொல்லு" என்பார். கொப்பியைப் பறித்து எறியலாம்போல இருக்கும்.

சோதனையில் நாலாவது வரியிலேயே ஆசிரியை கைகாட்டி நிறுத்தினார்.

"அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் ரோமை நோக்கிய அந்த அணிவகுப்பை ஏன் யாரும் தடுக்கவில்லை?"

'ஏன்' என் கொப்பியில் இல்லை. திரும்ப வெர்சாயிலிருந்து தொடங்கினேன். திரும்பவும் நிறுத்தினார். மூன்றாம் முறையும் நான் வெர்சாயில் போய் நிற்க, அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்கு விசர் பிடித்தமாதிரிக் கோபம் வந்தது. பாடமாக்கப் பழக்கிய பள்ளிக்கூடத்தின் மீதும், பாடமாக்கியதைச் சொல்லவிடாத இந்த மனுசியின் மீதும்.

"சரி, எதியோப்பியாவுக்கு வாருங்கள். இத்தாலி படையெடுத்தபோது மற்ற நாடுகள் என்ன செய்தன?"

"கூட்டம் வைச்சவை, கண்டிச்சவை," என்று அரைகுறை இத்தாலியனில் வெடித்தேன். "தடை போட்டவை, ஆனா எண்ணெய் விக்கிறதை நிப்பாட்டேல்லை. எங்கடை சண்டையிலையும் இதுதானே! கவலையாக் கிடக்கு எண்டு அறிக்கை விட்டவை. நாங்கள் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள்ளை இருந்து ரேடியோவிலை கேட்டனாங்கள்."

ஆசிரியை புள்ளித்தாளில் எழுதினார். தேறிவிட்டேன் என்று அங்கேயே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனுசன் கொப்பியோடு நின்றார்.

"மூண்டு பக்கமும் சொன்னனியோ?"

"இல்லை. மற்ற நாடுகள் என்ன செய்தவை எண்டு கேட்டினம். நாங்கள் பங்கருக்குள்ளை இருந்த கதையைச் சொன்னன்."

அந்தப் பங்கரில் அவருடைய தம்பியும் இருந்தான். அவன் உயிரோடு வெளியே வரவில்லை.

கொப்பியை மெதுவாக மூடி மேசையில் வைத்தார்.

"அதுக்குப் புள்ளி போட்டவையோ?"

"ஓம்," என்றேன். சொல்லவே வெட்கமாக இருந்தது.