வெளிச்சம் பார்த்துப் பிடித்த மேசை

சனிக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்குப் பழனியிலிருந்து கிளம்பினோம். கொடைக்கானலுக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர். போக வர, ஒரு நாள் தங்கலோடு, வாடகைக் காருக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசியிருந்தோம். பின்னால் சாரதா அக்காவும் நானும். முன்னால் ஓட்டுநர் செல்வத்துக்குப் பக்கத்தில் அக்காவின் கணவர், என் அத்தான். அவருக்கு அடிவாரத்தில் பாத்திரக் கடை. கூட்டம் வருகிற சனிக்கிழமையில் கடையை அடைத்துவிட்டு வந்திருப்பதை, மலை ஏறத் தொடங்குவதற்குள் மூன்று முறை சொல்லிவிட்டார்.

கொடைக்கானலில் நான் பார்க்க நினைத்தது ஏரியும் இல்லை, பூங்காவும் இல்லை. ஒரு நல்ல ஹோட்டலில் அக்காவை எங்களோடு உட்கார வைத்து, பேசிச் சிரித்துச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

அக்கா முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சில் யாராவது முணுமுணுத்தால்கூடப் பெயர் சொல்லி எழுப்பிவிடுவாள். நான்கு வருடத்துக்கு முன் அவளுக்குக் காது மங்க ஆரம்பித்தது. இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறாள். அமைதியான இடத்தில் அது உதவும்; கூட்டத்தில் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கிக் கொட்டும். அப்போதெல்லாம் எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ “உடம்பு எப்படி இருக்கு” என்று கேட்டதற்கு, “உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு” என்று பதில் சொன்னாள். பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் அவள் உட்காரவில்லை. மொய் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து தயிர்ச்சோறு சாப்பிடுவாள்.

மூன்றேகால் மணிக்கு வடகவுஞ்சியில் தேநீருக்காக நின்றோம். தேநீர் பதினைந்து ரூபாய், மலைவாழைப்பழம் ஒன்று பத்து ரூபாய். காருக்குள் செல்வம் ரோட்டைப் பார்த்தபடி பேசியதை எல்லாம் நான் அக்காவுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைக்கார அம்மா பட்டப்பகல் வெயிலில் நேருக்கு நேர் நின்று பேசினார். அக்கா ஒரு வார்த்தை விடாமல் பிடித்து, ஐந்து பழத்தை நாற்பது ரூபாய்க்கு வாங்கிவிட்டாள். இதை நான் பார்த்தேன். ஆனால் அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பெருமாள்மலை தாண்டி நான்கு ஐம்பதுக்குக் கொடைக்கானல். இ-பாஸ் காட்டி, நெரிசலில் ஊர்ந்து, ஏழு ரோடு சந்திப்பிலிருந்து அரை கிலோமீட்டரில் எடுத்திருந்த அறைக்குள் போனதும் அக்கா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நாங்கள் போய்வர வேண்டும், அவளுக்கு நான்கு இட்லி பார்சல் வாங்கி வந்தால் போதும் என்றாள். சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று பொய் சொல்லி அழைத்துப் போனேன்.

ஆறரை மணிக்கு ஏழு ரோடு சந்திப்பு திருவிழாபோல இருந்தது. மக்காச்சோளம் சுடும் புகை, சாக்லேட் கடைகளின் வாசனை, குல்லாய் விற்பவர்களின் கூவல். அங்கிருந்து இறங்கும் பி.டி. ரோட்டில் இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள்தான். மோமோ, பீட்சா, பிரியாணி, தந்தூரி. நடக்கிற கூட்டத்தில் பாதிப்பேர் செல்போனில் எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துக்கொண்டும், மீதிப்பேர் வாசலில் மாட்டிய விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டும் இருந்தார்கள்.

நானும் நட்சத்திரம் பார்த்தவள்தான். ஒரு வாரமாகத் தேடி, அதிக நட்சத்திரம் வாங்கிய ஹோட்டலைக் குறித்து வைத்திருந்தேன். உள்ளே போனால் மர மேசைகள், மேசைக்கு ஒரு மெழுகுவர்த்தி, மூலையில் கிடார் வாசித்துப் பாடும் இளைஞர். படத்தில் பார்த்ததைவிட அழகு. நூற்று எண்பது ரூபாய்க்குக் காளான் சூப் சொன்னோம். அத்தான் தன் கடைக்கு வந்த ஒரு விசித்திரமான வாடிக்கையாளரின் கதையை ஆரம்பித்தார். அக்கா புன்னகைத்தாள். அந்தப் புன்னகை எனக்குத் தெரியும். ஒன்றுமே புரியாதபோது அவள் போட்டுக்கொள்கிற புன்னகை அது. விளக்கைக் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று கேட்டேன். இருட்டுக்காகத்தான் எல்லோரும் இங்கே வருகிறார்கள் என்று பரிமாறுபவர் பணிவாகச் சொன்னார். சூப்போடு நிறுத்திக்கொண்டு எழுந்துவிட்டோம்.

அடுத்தது செல்வம் சொல்லியிருந்த பெரிய ஹோட்டல். அங்கே வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் சுற்றுலா வந்த ஒரு கூட்டம் ஒலிபெருக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தது. சுவரும் தரையும் டைல்ஸ். சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் அக்கா முகத்தைச் சுளித்து, இரண்டு காதுக் கருவிகளையும் கழற்றி டப்பாவில் வைத்து மூடினாள். ரூமுக்குப் போகலாம் என்று கையை மட்டும் காட்டினாள்.

வெளியே வந்ததும் அத்தானுக்குக் கோபம்.

“அவள ஏன் இப்படிப் போட்டுப் படுத்துற? ரெண்டு இட்லி தின்னுட்டு அவ பாட்டுக்குப் படுத்திருப்பா.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு வாரமாக நான் தேடியதெல்லாம் எனக்குப் பிடித்த ஹோட்டல். காதுக்காக டாக்டரிடம் கேட்டிருக்கிறேன், கருவி விற்பவரிடம் கேட்டிருக்கிறேன். எப்படிப்பட்ட இடம் உனக்குச் சரிப்படும் என்று அக்காவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கையைப் பிடித்துத் தெருவிளக்கின் கீழே நிறுத்தினேன்.

“நீயே சொல்லுக்கா. எந்தக் கடைக்குப் போகலாம்?”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கருவிகளை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவள் பெயர்ப் பலகையைப் பார்க்கவில்லை, விலையையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் தலையை நீட்டி உத்தரத்தையும் சுவரையும் பார்த்தாள். முதல் கடை வேண்டாம். விளக்கெல்லாம் உட்காருபவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, முகம் கறுத்துத் தெரியும். அடுத்த கடையும் டைல்ஸ் சுவர், எதிரொலிக்கும். மூன்றாவதில் நீள மேசை. ஓரத்தில் இருப்பவர் பேசினால் பக்கவாட்டு முகம்தான் தெரியும், அதில் பாதி உதடு போய்விடும். நான்காவதில் மேசைக்கு மேலே கூடைபோல ஒரு விளக்கு தொங்கி எதிராளியின் வாயை மறைத்தது. ஒவ்வொன்றுக்கும் கரும்பலகையில் கணக்குப் போடுவதுபோலக் காரணம் சொன்னாள். அவள் குரலில் பழைய டீச்சர் வந்திருந்தாள். அத்தானும் கோபத்தை மறந்து, “இது தேறுமா பாரு” என்று தானே கடைகளைக் காட்டத் தொடங்கினார்.

ஏழேகாலுக்கு ஒரு துணிக்கடையின் மாடியில் அந்த மெஸ்ஸைக் கண்டுபிடித்தாள். பலகைச் சுவர். நான்கே மேசைகள், அதில் ஒன்று வட்டம். மேலே வெள்ளை டியூப்லைட். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. என் நட்சத்திரப் பட்டியலிலும் இல்லை. கணவர் உள்ளே சமைக்க, மனைவி பரிமாறினார். அவர் பெயர் ஜெயந்தி என்று பிறகு தெரிந்துகொண்டோம். குளிருக்கு மப்ளரை மூக்குவரை சுற்றியிருந்தார். அவர் என்னவோ கேட்டார். துணிக்குள்ளிருந்து வந்த அந்தக் கேள்வி அக்காவுக்கு எட்டவில்லை. வழக்கம்போல நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் தட்டி நிறுத்தினாள்.

“எனக்குக் காது கேக்காதும்மா. ஒங்க வாயப் பாத்துத்தான் பேச்சு புரிஞ்சுக்குவேன். அந்த மப்ளரக் கொஞ்சம் எறக்குறீங்களா?”

நான்கு வருடத்தில் அவள் இதை ஒரு புது ஆளிடம் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜெயந்தி மப்ளரைக் கழுத்துக்கு இறக்கினார்.

“இதுக்கென்னங்க மேடம், நீங்க லைட்டுக்கு இந்தாண்ட வந்துருங்க. நான் எதிர நின்னே சொல்றேன்.”

நின்றுதான் சொன்னார். சப்பாத்தி, பூண்டுக்குழம்பு, காளான் மிளகு வறுவல், முட்டைத் தோசை. காளானுக்குப் போடும் மிளகு பெரும்பாறையில் தன் அண்ணன் தோட்டத்து மிளகு என்றார். இந்த வருடம் காய்ப்பு எப்படி என்று அக்கா கேட்க, குரங்குத் தொல்லையில் தொடங்கிப் பேச்சு வளர்ந்துகொண்டே போனது. உள்ளேயிருந்து கணவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் ஜெயந்தி நகர்ந்தார். போகிற போக்கில் ரேடியோவையும் அணைத்துவிட்டுப் போனார்.

பூண்டுக்குழம்பு பிரமாதம். மலைப்பூண்டு, பல் பல்லாக வெந்து வெண்ணெய்போல நசுங்கியது. காளானில் காரம் கொஞ்சம் தூக்கல்தான். அத்தானுக்குக் கண்ணில் நீர் வந்தது. அவர் தன் வாடிக்கையாளர் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். இட்லிப் பானை வாங்கிப் போன ஒருவர், மறுநாள் வந்து அதில் இட்லி சதுரமாக வருகிறது என்று சண்டை போட்ட கதை. அக்கா முடிவுக்கு முன்பே சிரித்துவிட்டாள். பிறகு, நாங்கள் எடுக்கவே பயப்படும் கதையைத் தானே எடுத்தாள். அன்று பந்தியில் சாம்பாரில் உப்பு நிஜமாகவே கூடத்தான் இருந்தது, உங்களில் ஒருத்தருக்கும் அதைச் சொல்ல தைரியமில்லை என்றாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று பேருக்கும் அறுநூற்று நாற்பது ரூபாய். எட்டரைக்கெல்லாம் அறைக்குத் திரும்பிவிட்டோம். ஞாயிறு காலை ஏரியைச் சுற்றினோம், படகும் ஏறினோம். அதைப் பற்றி எழுத நிறையப்பேர் இருக்கிறார்கள். மதியம் அதே மாடியில், அதே மேசையில் மறுபடி சாப்பிட்டுவிட்டு மலை இறங்கினோம்.

திங்கட்கிழமை காலை, பழனியில் என் வீட்டுக்கு அக்கா வழக்கம்போல காப்பிக்கு வந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. வாரத்தில் நான்கு நாள் வருவாள். நான் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். அக்கா கண்களைச் சுருக்கிக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். ஏதோ தோன்ற, நான் திரும்பினேன். எனக்குப் பின்னால் பெரிய சன்னல், முழுக்கக் காலை வெயில். நான்கு வருடமாக அவள் இங்கே ஒரு நிழலோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சன்னலைப் பார்த்தாற்போலப் போட்டு உட்கார்ந்தேன். வெயில் கண்ணில் குத்தியது.

அக்கா காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

“ம், இப்பச் சொல்லு.”