எடை கூடிய வெங்காயம்

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் அக்கா பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். எங்கள் ஊர் பாடாலூருக்குப் பக்கம். அவள் தினமும் பஸ் ஏறிப் பெரம்பலூருக்குப் போய்ப் படித்தாள். அங்கே புதிதாக வந்த அறிவியல் சார், புத்தகத்தைப் பார்த்து எழுதியது போதும், அவரவர் வீட்டில் விடை தெரியாத ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து நீங்களே சோதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். கண்ணால் பார்த்ததை மையால் எழுத வேண்டும், எழுதியதை அழிக்கக் கூடாது என்பது அவர் கட்டளை.

எங்கள் வீட்டில் இருந்தது வெங்காயம்தான். சின்ன வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறையில் அடுக்கும் முன், மேலே நீண்டிருக்கும் காய்ந்த தாளைக் காயோடு ஒட்ட அறுக்க வேண்டும் என்பார் அப்பா. இரண்டு விரல் விட்டு அறுக்க வேண்டும் என்பாள் அம்மா. வருடா வருடம் இந்தச் சண்டை உண்டு. அக்கா அதையே எடுத்துக்கொண்டாள். ஒட்ட அறுத்தது நூறு ஒரு கூடையில், தாள் விட்டது நூறு இன்னொரு கூடையில். ஞாயிறுதோறும் கைத்தராசில் நிறுத்து நோட்டில் எழுதினாள். கூடைகளைத் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

இரண்டு வாரம் தொடவில்லை. மூன்றாவது வாரம் ஒட்ட அறுத்த கூடையில் ஒன்று அழுகி நாறியது. வெங்காயம் போடுகிற வீட்டுப் பிள்ளைக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. அழுகியதைப் பொறுக்கி எறியாவிட்டால் பக்கத்தில் இருப்பதும் போய்விடும். தவிர, கூடை அழுகினால் அக்கா பெயிலாகிவிடுவாள் என்றும் நினைத்தேன். அதை எடுத்து எருக்குழியில் போட்டேன். நூறு குறையக் கூடாதே என்று பட்டறையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன். வைப்பதுதான் வைக்கிறோம், பெரிதாக இருக்கட்டும் என்று தேடி வைத்தேன். அதன்பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் இரண்டு கூடையிலும் இதே வேலை.

ஆறாவது ஞாயிறு, காய்ந்து எடை குறைய வேண்டிய ஒட்ட அறுத்த கூடை எடை கூடியிருந்தது. அக்கா மூன்று தடவை நிறுத்தாள்.

"ஏம்மா, ஒன் வெங்காயம் குட்டி போடுதா?" என்றார் அப்பா.

அவள் பார்த்ததை அப்படியே எழுதினாள். மறுநாள் வகுப்பில் அதைப் படித்ததும், வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டியிருக்கிறாள் என்று எல்லோரும் சிரித்தார்களாம். சாயங்காலம் வந்தவள் புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "நான் பொய் எழுதலம்மா" என்று மட்டும் சொன்னாள். நான் செய்த வேலைதான் என்று சொல்லப் போனேன். ஆனால் வாய் வரவில்லை. எனக்கு வாய் எப்போதுமே தாமதமாகத்தான் வரும்.

சனிக்கிழமை சாரே பஸ்ஸில் வந்து இறங்கினார். கூடையை மோந்து பார்த்தார். தண்ணீர் ஏதும் பட்டதா என்று அம்மாவிடம் கேட்டார். தராசுப் படிக்கற்களைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"எம் பொண்ணு பொய் எழுதறவ இல்லீங்க சார்" என்றார் அப்பா, யாரும் கேட்காமலே.

"நானும் அப்படித்தாங்க நெனைக்கிறேன். ஆனா வெங்காயமும் பொய் சொல்லாதே" என்றவர், கன்றுக்குட்டிக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். "தம்பி, நீ என்ன நெனைக்கிற?"

எங்கள் பள்ளிக்கூடத்தில் விடையைத் தெரிந்துகொண்டுதான் கேள்வி கேட்பார்கள். இவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அழுகுனத எடுத்துப் போட்டுட்டு நல்லதா வச்சேன் சார்."

அக்கா விளக்குமாற்றைத் தேடினாள். சார் அவளைக் கையமர்த்திவிட்டு, எந்தக் கூடையிலிருந்து எத்தனை என்று கேட்டார். அது எனக்கு மனப்பாடம். பட்டறையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் பயத்தில் எண்ணிக்கொண்டே வந்திருந்தேன். ஒட்ட அறுத்ததில் இருபத்து மூன்று, தாள் விட்டதில் இரண்டு.

சார் சிரித்துவிட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சாருக்குக் குடிக்கக் கலர் வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

சார் போனதும் அக்கா நோட்டை விரித்து, நான் எடுத்தது, வைத்தது, எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதினாள். எழுதாதே என்று கெஞ்சினேன்.

"நடந்தத எழுதறேன்டா. ஒன்ன என்ன, போலீஸா புடிக்கும்?"

போலீஸ் என்ற நினைப்பு எனக்கு அதுவரை வரவில்லை. அந்த வாரம் முழுக்க பஸ் நிற்கும் சத்தம் கேட்டாலே சோளக்கொல்லைக்குள் புகுந்துகொண்டேன்.

அடுத்த வாரம் நோட்டு திருத்தி வந்தது. அக்கா நிறுத்து நிறுத்து எழுதிய பக்கங்களில் சின்னதாக டிக் மட்டும்தான் இருந்தது. என் திருட்டை எழுதியிருந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு இழுத்து, மிக நன்று என்று போட்டிருந்தார். அக்காவை நினைத்து எனக்கு வருத்தமாகிவிட்டது. சார் அவசரத்தில் வரி மாறிக் கோடு போட்டுவிட்டார், நாளைக்கே காட்டி மாற்றி வாங்கிக்கொண்டு வா என்று அவளிடம் சொன்னேன்.