ஸ்டாப் இல்லி, ஸ்டாப் இல்ல

காலையில் கம்பெனி பஸ் மூக்கண்டப்பள்ளியில் என்னை ஏற்றிக்கொண்டு தாண்டியிருந்தது. பக்கத்து சீட்டுத் தோழி என்னையே பார்ப்பதைக் கண்டு, காதை இறுக்கி அடைத்திருந்த இயர்பட்ஸைக் கழற்றினேன்.

"அப்ப சரி. என் கல்யாணத்துல மைக் பிடிச்சு கன்னடத்துல வாழ்த்திப் பேசுற. நல்லாத் தலையாட்டிட்ட."

"ஏய், நான் பாட்டுக்கு ஆட்டினேன்டி!"

"அதெல்லாம் தெரியாது. மாப்பிள்ளைக்கு மெசேஜ் போட்டாச்சு."

அவள் ஆனேக்கல் பெண். வீட்டில் எல்லோரும் கன்னடம். எனக்கோ அதில் ஒரு வரி வராது. அந்த நொடியில்தான் பளிச்சென்று தோன்றியது: காதில் கன்னடப் பாடம் ஓடவேண்டும், காது திறந்தும் இருக்கவேண்டும். காதின் மேல் கொக்கிபோல் மாட்டும், துளையை அடைக்காத இயர்பட்ஸை உடனே ஆர்டர் போட்டேன்.

வந்ததும் மாட்டிப்பார்த்தேன். என்ன சுகம்! வியர்க்கவில்லை, வலிக்கவில்லை. நடந்துபோகும்போது பாடமும் கேட்கிறது, பின்னால் வரும் லாரியின் ஹார்னும் கேட்கிறது. ஆனால் பாட்டுப் போட்டால் டிரம்ஸ் தகரடப்பாவாகிவிடுகிறது. கம்பெனியில் மெஷின் பக்கம் இதற்கு வேலையே இல்லை; அந்தச் சத்தத்துக்குக் காதை அடைத்தே ஆகவேண்டும். பஸ் வேகமெடுத்தால் பாடம் காற்றோடு போகிறது. ஒலியைக் கூட்டினாலோ பக்கத்து சீட்டுக்கும் கேட்கிறது.

முதல் பாடத்தில் 'இல்லி' என்றால் 'இங்கே' என்று படித்திருந்தேன். அன்று சாயங்காலம் மூக்கண்டப்பள்ளி வந்ததும் உற்சாகத்தில் கத்தினேன்.

"அண்ணா, ஸ்டாப் இல்லி!"

பஸ் நிற்காமல் பறந்தது.

"அண்ணா! என் ஸ்டாப்பு!"

"ஸ்டாப் இல்லன்னு நீதானம்மா சொன்ன?" என்றார் டிரைவர்.

"அது கன்னடம்ணா!"

"தினம் தமிழ்ல பேசுற புள்ள, திடீர்னு கன்னடத்துக்கு மாறினா நான் என்னத்தக் கண்டேன்?"

பஸ்ஸே சிரித்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

மறுநாள் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது தோழி முழங்கையால் இடித்தாள். "யாருடி இது, நியூஸ் வாசிக்கிற மாதிரி? எங்க வீட்டுல இப்படிப் பேசினா ஓடிடுவாங்க." பின்சீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்து ஆளுக்கொரு திருத்தம் சொன்னார்கள். "'இல்லி'ன்னு மட்டும் சொன்னா எப்படி? 'நிறுத்துங்க'ன்னா 'நில்லிசி', அதையும் சேர்த்துக்க!" சத்தம் வெளியே கசிவதைக் குறை என்று நினைத்திருந்தேனே! அதுவே எனக்கு ஒரு வகுப்பைச் சேர்த்துவிட்டது.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்கு டிரைவரிடம் முழுசாகச் சொல்லிப்பார்க்கப்போகிறேன்: "அண்ணா, இல்லி நில்லிசி!"

பஸ் நின்றுவிட்டால், அடுத்து மைக்தான்.