முகமில்லாத காவலாளி

பாத்திரம் கழுவும்போது அவர் வலது கைக்கு மட்டும் ரப்பர் உறை போட்டுக்கொள்வார். பேருந்தில் கம்பியைப் பிடிப்பது இடது கை. வெங்காயத்தின் பக்கமே போவதில்லை.

"எனக்கு முகம் இதுதாங்க" என்று வலது கையை நீட்டிக் காட்டுவார். சோப்பு, கைக்கடிகாரம், காப்பிக் கோப்பை என்று விளம்பரங்களில் எல்லோரும் பார்த்த கை. ஆளைத்தான் யாருக்கும் தெரியாது.

கடைசியாக நடித்தது ஒரு சிறைப் படம். அதில் காவலாளிக்கு முகமே கிடையாது. கை மட்டும் திரும்பத் திரும்ப வரும். சாவியைத் திருகிப் பூட்டிவிட்டுப் போய்விடும். சினிமாப் பைத்தியமான மைத்துனன் விளக்கினான்:

"மாமா, அது வெறும் கையில்ல. அதிகாரம்!"

"அப்ப அதிகாரத்துக்கு நகம் வெட்டுனது யாருடா? நான்தானே?"

"அந்த அதிகாரம் கொஞ்சம் இங்க வரட்டும், குழாய் சொட்டுது" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

சிரித்தார். ஆனால் மனதில் ஓர் உறுத்தல். படத்தின் முடிவில் அதே கை முதன்முறையாகக் கதவைத் திறக்கவேண்டும். படப்பிடிப்பில், கம்பிக்கு அப்பால் கைதியாக நின்ற நடிகர் இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கிவிட்டது. சாவி துளையில் நுழையாமல் இரண்டு முறை இரும்பில் இடித்து, மூன்றாவது முறைதான் நுழைந்தது. "சார், இன்னொரு தடவ எடுத்துருங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். இயக்குநர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார். வேறு யார் கையையாவது வைத்து எடுத்திருப்பார்களோ என்று அன்றிலிருந்து ஒரே அரிப்பு.

படம் வந்ததும் மூவரும் போனார்கள். கை வரும்போதெல்லாம் மனைவி அவர் விலாவில் இடித்தாள். கடைசிக் காட்சி வந்தபோது அவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

டக். சாவி இரும்பில் இடித்தது. மறுபடி, டக்.

"அந்தாளுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குடா" என்று பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்.

"உங்க கைதானேங்க?" மனைவி கிசுகிசுத்தாள்.

"என்னோடதுதான்."

கதவு திறந்தது.

வெளியே வந்ததும் மைத்துனன் குதித்தான். "மாமா, அந்த நடுக்கத்துலதான் மொத்தப் படமும் இருக்கு!"

"போடா, சாவி நுழையல."

வீட்டில் எச்சில் தட்டுகள் குவிந்திருந்தன. மனைவி உறையை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கிக் குழாயின் மேல் தொங்கவிட்டார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் முழங்கைவரை சோப்பு நுரைக்குள் விட்டார்.