பாதி ஆளைப் புதைக்க மாட்டாள் டீலியா

கான்சிடைன் வீட்டு டீலியாவைப் பெண் கேட்டு இரண்டு தடவை ஆள் வந்தது. முதலில் வந்தவனுக்குக் கடலோரம் நல்ல மேய்ச்சல் நிலம். அடுத்தவனுக்கு என்னிஸ் டவுனுக்குப் போகிற சாலையில் மளிகைக்கடை. இருவரும் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: அண்ணன் கார்னி அவர்களோடு இருக்கக் கூடாது. "டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று கதவைத் திறந்துவிட்டாள். அப்புறம் யாரும் வரவில்லை. அதற்காக அவள் அழவும் இல்லை. வாத்து வளர்த்தாள், சதுப்பில் எரிமண் வெட்டி அடுப்புக்குக் காயவைத்தாள், அண்ணனோடு இருந்தாள்.

கார்னி செய்த குற்றம், முதல் உலகச் சண்டையின்போது இங்கிலீஷ் பட்டாளத்தில் சேர்ந்தது. அன்று ஊரில் வேலை இல்லை. வீட்டில் உருளைக்கிழங்கும் உப்பும்தான். பெல்ஜியத்து ஏழைகளைக் காப்பாற்றப் போங்கள் என்று பூசையிலேயே பிரசங்கம் வைத்தார்கள். பாண்டு வாசித்துத்தான் ரயில் ஏற்றினார்கள். அவன் திரும்பி வந்தபோது பாண்டும் இல்லை, அந்தப் பழைய அயர்லாந்தும் இல்லை. டப்ளினில் கலகம் நடந்து, தலைவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டு, நாடே வேறு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. அவன் போட்டிருந்த அதே உடுப்புப் போட்டவர்கள் வந்து இந்த ஊர் வீடுகளைக் கொளுத்தினார்கள். கார்னி வாயை மூடிக்கொண்டான். ஊரும் அவனிடம் எதையும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் அவன் விடவில்லை. அங்கே யார் செத்தாலும் அக்கம்பக்கத்து ஆண்கள்தான் குழி வெட்டுவார்கள். கார்னியும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு போய் நிற்பான். பட்டாளத்தில் பதுங்குகுழி வெட்டிப் பழகிய கை; ஓரம் நூல் பிடித்த மாதிரி இருக்கும். முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிடுவான்.

இரண்டாம் சண்டையும் முடிந்து ஊர் அதையும் மறந்திருந்த ஒரு மார்ச் மாதம், சனிக்கிழமை விடியலில் கார்னி செத்தான். திங்கட்கிழமை அடக்கம். திங்களன்று புதுக்குழி திறந்தால் ஆகாது என்பதால், ஞாயிறன்றே புல்லை வெட்டிப் புரட்டிவிட வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலமே துக்கவீட்டுக்கு மர்ட்டி லில்லிஸ் வந்தான். குழி வெட்டுகிறவர்களுக்கு அவன் வைத்ததுதான் சட்டம். வாலிபத்தில் துப்பாக்கியோடு மலையில் ஒளிந்து இங்கிலீஷ்காரனை எதிர்த்தவன். மண்டியிட்டுச் செபித்துவிட்டு எழுந்தபோது, பிணத்துக்குப் போட்டிருந்த பழுப்பு அங்கியில் டீலியா குத்தியிருந்த மூன்று பட்டாளப் பதக்கங்களைப் பார்த்தான்.

"உக்காரு மர்ட்டி. மூக்குப்பொடி எடுத்துக்கோ."

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் பசங்களோட வந்து குழி தொறந்துடறோம், டீலியா. அந்தச் சாமானை மட்டும் எடுத்துடு."

"எந்தச் சாமான்?"

"வெளையாடாத. ராஜா தலை போட்ட அந்த வில்லைங்க."

"அது அவனோடது. அவனோட போகும்."

"நல்ல மனுஷன், யாரு இல்லேன்னா? அந்த நாலு வருஷத்தை மட்டும் விட்டுடுவோம்னுதான் சொல்றேன்."

"விட்டுட்டு எந்தப் பாதியப் பொதைக்கச் சொல்ற? தலைப்பக்கமா, கால்பக்கமா?"

மூலையில் யாரோ சிரித்துவிட்டு, இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்கள். மர்ட்டி சிரிக்கவில்லை.

"எங்க அண்ணன் ஜோஸியைச் சுட்டவன் சட்டையிலயும் அந்த ராஜாதான் இருந்தான்."

டீலியா அங்கியின் மடிப்பை நீவி, பதக்கங்களை நேராக்கினாள்.

"அப்ப நானே வெட்டிக்கறேன்" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து, ஆண்கள் வழக்கம்போலக் கோயில் சுவரோரம் சாய்ந்து பந்தாட்டக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பூசைக்குப் போட்ட கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக, தோளில் மண்வெட்டியோடு டீலியா அவர்களைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துக்குள் போனாள். பெண்பிள்ளை குழி வெட்டி அந்த ஊர் பார்த்ததில்லை.

"என்ன டீலியா, கெழங்கு போடப் போறியா?" என்றான் பேக்கரிக்காரன் ஸ்கான்லன்.

"ஆமாடா. மொளைச்சா உனக்கும் ஒரு கூடை தரேன்."

புல்லைப் புரட்டினாள். அடியில் எல்லாம் கல். மண்வெட்டி ஒவ்வொரு தடவையும் கல்லில் மோதி அலறியது. சுவரோரம் பேச்சு நின்றது. வீட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தும் ஒருவன்கூட நகரவில்லை. கடைசியில் மர்ட்டி சுவரைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"ஓரம் கோணலா இருக்கு."

"இருக்கும். நேரா வெட்டறவன் வீட்டுல படுத்திருக்கான்." நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஜோஸி குழி நேராத்தான் இருந்துச்சு, மர்ட்டி. நீ மலையில இருந்த. கல்லறை வாசல்ல இங்கிலீஷ் பட்டாளம் துப்பாக்கியோட நிக்குது. இந்தச் சுவத்துல சாஞ்சிருக்கற ஒருத்தனும் அன்னைக்கு வெளிய வரல. கார்னி வந்தான்."

"எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

"தெரிஞ்சவன் மாதிரி நீ நடந்துக்கலையே."

மர்ட்டி குனிந்து, குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டான்.

"வில்லைங்க?"

"அவன் நெஞ்சுலயேதான்."

"பிடிவாதம் புடிச்ச கழுதை."

"ஆமா. மண்வெட்டி வேணுமா, வேண்டாமா?"

வாங்கிக்கொண்டான். உள்ளங்கையில் துப்பி, முதலில் அவள் வெட்டிய ஓரத்தை நேராக்கினான். அவன் பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சுவரேறிக் குதித்தார்கள்.

திங்களன்று வழக்கப்படி செத்தவனின் குடும்பப்பெயரே கொண்ட நால்வர், கான்சிடைன் வகையறா, முதலில் பெட்டியைத் தூக்கினார்கள். மேட்டில் ஏறும்போது மர்ட்டி அவர்களில் ஒருவனை விலக்கிவிட்டுத் தன் தோளைக் கொடுத்தான். கொடி இல்லை, வேட்டு இல்லை, ஊதுகொம்பு இல்லை. மற்ற எல்லோருக்கும் நடப்பது கார்னிக்கும் நடந்தது. டீலியா கேட்டதும் அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் அவள் வீட்டில் ரொட்டியும் பன்றித்தொடைக் கறியும் தின்றுகொண்டிருந்தபோது, மர்ட்டி தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"எங்க சண்ட போட்டான்?"

அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"துருக்கிக்காரன் கரையில. கப்பல்லேந்து எறங்கறப்பவே பாதிப் பேரு தண்ணியோட போயிட்டாங்களாம். ஒரே ஒரு தடவை சொன்னான்."

"எங்க மாமாவும் அங்கதான் போனாரு" என்றாள் கோடியில் இருந்த பக்கத்து வீட்டு லீனா. "படம் இருக்கு. துணிப்பெட்டிக்கு அடியில போட்டு வெச்சிருக்கோம்."

"எங்கப்பாவும் பட்டாளம்தான்" என்றான் ஸ்கான்லன். வாயில் ரொட்டி இருந்ததால் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. டீலியாவுக்குக் கேட்டது.

"எடுத்துட்டு வாங்க, எல்லாத்தையும். என் சுவத்துல ஆணி அடிக்க எடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மர்ட்டியின் பக்கம் திரும்பினாள். "நீயும் ஜோஸி படத்தைக் கொண்டா. அதே சுவருதான்."

மர்ட்டி டீக் கோப்பையை அவள் பக்கம் நீட்டினான். அவள் நிறைய ஊற்றினாள்.