மாந்தோப்பு ஓரத்து இச்சி மரம்

மே மாதத்தில் ராஜபாளையம் போக எனக்குச் சப்பட்டை மாம்பழம் ஒன்றே போதும். இந்த முறை கல்லூரித் தோழி செல்வியும் போனில் கூப்பிட்டாள். "சனிக்கெழம எங்க இச்சி மரத்த வெட்டப் போறாக. எனக்கு மனசே இல்ல. கடைசியா ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ."

மதுரையில் காலை ஐந்தரைக்குப் பஸ். எண்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கு இறங்காமல் போன வருத்தம் இன்னும் இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து மலையடிவாரத் தோப்புக்கு ஆட்டோ, இருநூற்றைம்பது ரூபாய்.

தோப்பு ஓரத்தில் நின்றது செல்வியின் இச்சி, ஆல், அத்தி வகை மரம். எப்போதோ ஒரு பறவை பனை உச்சியில் போட்ட எச்சம்தான் ஆரம்பம். இப்போது பனை நடுவில் மாட்டிக்கொண்டு நிற்க, இச்சி ஓடைக்கரை முழுக்கப் பந்தல் போட்டிருக்கிறது. கிளையெல்லாம் சுண்டைக்காய் அளவுப் பழம். பூ காய்க்குள்ளேயே ஒளிந்திருப்பதால், உள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்க அதற்கென்றே ஒரு குட்டிக் குளவி. முட்டையிட அந்தக் குளவிக்கும் வேறு இடம் கிடையாது. மேலே குக்குறுவான், மைனா, பச்சைப்புறா, காட்டிலிருந்து வந்த, பூனை அளவுச் சாம்பல் மலை அணில். ஒரு மரம் இத்தனை பேருக்குச் சோறு போடுகிறதே என்று மலைத்துப்போனேன்.

செல்வியின் கணவர் ராணுவத்தில் இருந்தவர். அவருக்கு மலைப்பெல்லாம் இல்லை. "இதுல ஏறித்தான் அணிலு தோப்புக்குள்ள எறங்கி மாங்காயக் கடிக்குது. போன வருசம் வடக்க நின்ன இச்சிய வெட்டியாச்சு. இதையும் எடுத்தா வழி அடைஞ்சிரும்" என்றார்.

"அப்ப வடக்க ஏன் அம்புட்டுக் காயும் கடிபட்டுக் கெடக்கு?" என்றாள் செல்வி.

மூவரும் நடந்து பார்த்தோம். வடக்கே கடித்துப் போட்ட மாங்காய் காலில் இடறியது. இச்சியின் அடியிலோ வெறும் இச்சிப்பழத் தோல்தான். பக்கத்து மாமரங்களில் காய் அப்படியே தொங்கியது. செல்வியின் கணவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "அணிலுக்குச் சோறே இச்சியிலதான் இருந்திருக்கு. நான் வழின்னு நெனச்சிட்டேன்."

அதற்குள் மரம் வெட்டுபவரின் வண்டிச் சத்தம் கேட்டது. தானே வரச் சொன்ன ஆளைத் திருப்பி அனுப்ப அவருக்குக் கூச்சம். இந்தப் பக்கம் மஞ்சள் துணி கட்டிய மரம் சாமி மரம். யாரும் கோடாலி வைக்கமாட்டார்கள். அதைக் கேலி செய்கிற மனிதர், தோளில் கிடந்த ராணுவப் பச்சைத் துண்டை எடுத்து மரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டினார்.

வந்தவர் துண்டையே பார்த்தார். "நேத்து இது இல்லியே, அண்ணாச்சி?"

"காலையிலதான் சாமி வந்துச்சு."

வந்தவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, கயிற்றை வண்டியில் போட்டார். செல்வி சிரிப்பை அடக்க ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்படிப்பட்ட மரம் பார்க்கப் போகிறவர்கள் தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வெயில் ஏறுமுன் போங்கள். தலைக்குத் தொப்பி அவசியம், பழம் விழும். செல்வியின் தோப்புக்கென்றால் ஒரு மஞ்சள் துணியும் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் கணவருக்குத் துண்டு திரும்ப வேண்டுமாம்.